பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: நோயாளிகளின் அருகில் நிற்கும் ஒருத்தியின் மதிப்பீடு

நோய் முற்றியவர்களின் வீடுகளுக்கே சென்று வலியைத் தணிக்கும் குழு ஒன்றில் நான் 11 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு விடுப்புகளையெல்லாம் சேர்த்துவைத்து, விபஸ்ஸனா தியானத்தின் பத்து நாள் முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். திரும்பிய மறுவாரமே எழுதியிருந்தால் வெறும் புகழுரையாகப் போயிருக்கும் என்பதால், ஓராண்டு வேலை பார்த்த பிறகு எழுதுகிறேன். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது உட்பட, விபஸ்ஸனா ஆசிரியர் ச. நா. கோயங்காவின் வழியில் நடக்கும் மையங்கள் அனைத்திலும் கால அட்டவணையும் கற்பிக்கும் முறையும் ஒன்றேதான். ஆகவே நான் தங்கிய மையம் எது என்பது இங்கே தேவைப்படாது. பயிற்சியைத்தான் மதிப்பிடுகிறேன், அதுவும் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து: பிறர் துன்பத்தோடு நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு, இரக்கம் வற்றாமலும் மனம் கலங்காமலும் இருக்க இந்தப் பத்து நாட்கள் உதவுமா?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த மருத்துவமனை ஒன்றில், வார்டில் ஒரு சிறுவன் இறந்த இரவு, மருந்து அறையில் நின்று அழுதுகொண்டிருந்த என்னை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "இந்த வேலைக்கு வந்தா மனசைக் கல்லாக்கிக்கணும்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் அதைத்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானும் கல்லாக்கிப் பார்த்தேன். சில ஆண்டுகள் ஒவ்வொரு மரணத்தையும் வீட்டுக்குத் தூக்கி வந்து தூக்கமில்லாமல் கிடந்தேன்; அதன்பின் சில ஆண்டுகள் எதுவும் உள்ளே இறங்காதபடி நடந்துகொண்டேன். இரண்டாவது நிலைதான் மோசமானது என்று இப்போது தெரிகிறது, ஏனென்றால் அப்போது வேலை குறையில்லாமல் நடந்தது. கட்டு மாற்றுவேன், குழாயைச் சரிபார்ப்பேன், மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பேன். நோயாளியின் மனைவியோ மகளோ பேசிக்கொண்டே இருந்தால், பையின் ஜிப்பை இழுக்கும் சத்தத்திலேயே அந்தப் பேச்சை முடித்துவைக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன்.

இதற்குக் கருணைச் சோர்வு என்று பெயர் உண்டு. 1992-இல் அமெரிக்கச் செவிலியர் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் மூலம் எங்கள் தொழிலுக்குள் வந்த சொல் அது. ஆனால் சோர்ந்து போவது கருணைதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் நடத்திய ஆய்வில், பிறர் துயரத்தைத் தாமும் அப்படியே உணரும் பயிற்சியை முதலில் கொடுத்தபோது பங்கேற்றவர்களுக்கு மனவேதனை கூடியது. அதே ஆட்களுக்கு அடுத்ததாகக் கருணைப் பயிற்சி கொடுத்தபோது வேதனை குறைந்து நல்லுணர்வு மேலோங்கியது. பிறர் வலியில் தானும் மூழ்குவது வேறு, அந்த வலி நீங்க வேண்டும் என்று கரையில் நின்று கை நீட்டுவது வேறு. இதைப் படித்துப் புரிந்துகொள்வது எளிது. ஒரு வீட்டின் படுக்கையறையில் நிற்கும்போது செய்துகாட்டுவதுதான் பெரும்பாடு. நான் முகாமுக்கு விண்ணப்பித்தது அந்தப் பெரும்பாட்டுக்கு வழி தேடித்தான்.

விண்ணப்பம் இணையத்திலேயே. உடல்நோய், மனநோய், உட்கொள்ளும் மருந்துகள் பற்றி விரிவாகக் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்வது நமக்கே நல்லது. கட்டணம் கிடையாது. தங்குமிடமும் உணவும் முன்பு முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கின்றன. ஒரு முகாமையாவது முழுதாக முடிக்காதவர் பணம் கொடுத்தாலும் வாங்குவதில்லை. கைப்பேசி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே ஒப்படைத்துவிட வேண்டும். அன்று இரவு தொடங்கும் மௌனம் பத்தாம் நாள் காலை வரை நீடிக்கிறது. பேச்சு மட்டுமின்றிச் சைகையும் பார்வைப் பரிமாற்றமும் கூடாது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 6.30-க்குக் காலை உணவு, 11 மணிக்கு மதிய உணவு, மாலை 5 மணிக்குத் தேநீரும் சிறிது பழமும் பொரியும். முன்பே முகாம் முடித்துத் திரும்ப வந்தவர்களுக்கு அதுவும் இல்லை, எலுமிச்சைச் சாறு மட்டும். இரவுப் பசியைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்தினார்கள்; இரவுப்பணி பார்த்துப் பழகிய எனக்கு அது இரண்டே நாளில் அடங்கிவிட்டது. முதுகும் முழங்காலும்தான் அடங்கவில்லை.

முதல் மூன்று நாட்களும் ஆனாபானம், அதாவது இயல்பாக வந்துபோகும் மூச்சை மூக்கின் வாயிலில் கவனிப்பது. வேறு வேலையில்லாத மனம் என்ன செய்யும் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாருடைய நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து நின்றது, எந்த வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மருந்துப் பெட்டி இருந்தது என்பது வரை தெளிவாக வந்தது. கல்லாக்கி வைத்திருந்த ஆண்டுகளில் எதுவும் உள்ளே இறங்கவில்லை என்று நான் நம்பியிருந்தது பொய். எல்லாம் இறங்கித்தான் இருந்தது, நான்தான் கீழே போய்ப் பார்க்கவில்லை. மதிய இடைவேளையில் ஆசிரியரைச் சந்தித்துச் சொன்னேன். அவர் ஆறுதல் வார்த்தைகளை அடுக்கவில்லை. வருவது வரட்டும், மூச்சுக்குத் திரும்புங்கள் என்று மட்டும் சொன்னார். அன்று அது எனக்குப் போதவில்லை என்று தோன்றியது.

நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்குகிறது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடலின் உணர்வுகளைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். இனிமையானதை விரும்பாமலும் வேதனையானதை வெறுக்காமலும், எல்லாம் அநிச்சம், மாறக்கூடியது என்று அறிந்தபடி. அதோடு அதிட்டானம் என்ற உறுதியும் சேர்கிறது: நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் திறக்காமல் அசையாமல் உட்காருவது. இங்கே எனக்கு நேர்ந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். "உங்கள் வலிக்குப் பத்தில் எத்தனை கொடுப்பீர்கள்?" என்று நாள் முழுவதும் நோயாளிகளைக் கேட்பது என் வேலை. அன்று என் வலது முழங்காலை நானே கேட்டேன், ஏழு என்றது. அசையக் கூடாது என்பதால் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த எண் உடைந்தது. ஓரிடத்தில் சூடு, ஓரிடத்தில் துடிப்பு, ஓரிடத்தில் கயிறு போட்டு இறுக்குவது போன்ற அழுத்தம். இவற்றுக்கு மேலே தனியாக, இது எப்போது முடியும் என்ற பதற்றம். பதற்றம் சற்று இறங்கியபோது, முழங்கால் மாறாமலே எண் ஐந்தாகியிருந்தது. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்ததே முழுவலி என்று கற்பித்ததை நான் வகுப்பில் படித்துத் தேர்விலும் எழுதியவள். அது என் உடம்பில் எனக்குத் தெரிந்தது அந்தப் பலகைத் தரையில்தான்.

ஆனால் இதிலிருந்து யாரும் தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சம்மணமிட்ட முழங்காலின் வலி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். எலும்புக்குப் பரவிய புற்றின் வலி அப்படிப்பட்டதல்ல. அதற்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மார்பின்தான் மருந்து. வலியில் துடிக்கிறவரிடம் போய் அதைக் கவனித்துப் பாருங்கள் என்று சொல்வது கொடுமை. கோயங்காவின் வாழ்க்கையே இங்கே ஒரு சான்று. 1924-இல் பர்மாவின் மாண்டலேயில் வணிகக் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தது. மார்பின் ஊசியில்தான் அடங்கும், அதற்கே அடிமையாகிவிடும் அச்சமும் இருந்தது. பர்மிய அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்துகொண்டே தியானமும் கற்பித்த ஊ பா கின்னிடம் 1955-இல் அவர் போனார். தலைவலி தீர வேண்டும் என்பதற்காக வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டேன், மனத்தைத் தூய்மை செய்ய வருவதானால் வா என்று ஊ பா கின் சொன்னதாகக் கோயங்கா எடுத்துரைத்திருக்கிறார். 1969-இல் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கி, 1976-இல் இகத்புரி மையத்தை நிறுவி, 2013-இல் மறைந்தார். இன்றும் எல்லா முகாம்களிலும் கற்பிப்பது அவரது பதிவுசெய்யப்பட்ட குரல்தான். வலிமருந்துப் பையைத் தூக்கித் திரியும் எனக்கு, ஊ பா கின்னின் அந்த மறுப்பு மிகுந்த மரியாதையை ஏற்படுத்தியது. தியானத்தை மருந்தாக விற்காதவர்களை நம்பலாம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். முகாமில் ஒன்பது நாட்களும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சொல் சமநிலை. பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உபேக்கா, வடமொழியில் உபேக்ஷா. இதே சொல் நம் பேச்சில் உபேட்சை என்று வழங்குகிறது. "உபேட்சையாக இருந்துவிட்டார்" என்றால் அக்கறையின்றி விட்டுவிட்டார் என்றுதான் பொருள். இந்தச் சொல் தமிழுக்கு வந்த வழியில் பொருள் திரிந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தத் திரிபுதான் இந்தப் பயிற்சியின் அபாயம். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்னும் பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், மைத்ரி (எல்லா உயிர்களிடத்தும் அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்), உபேக்கை என்னும் நான்குக்கும் தூரத்துப் பகை ஒன்றும் அண்டைப் பகை ஒன்றும் உண்டு என்கிறார். கருணையின் தூரத்துப் பகை கொடுமை. அதை யாரும் கருணை என்று மயங்கமாட்டார்கள். அண்டைப் பகை துயரத்தில் உழல்வது. பார்வைக்குக் கருணை போலவே இருக்கும். அதுபோல உபேக்கையின் அண்டைப் பகை அறியாமையால் வரும் அசட்டை. என் பணிக்காலம் முழுவதையும் அந்த இரண்டு அண்டைப் பகைகளும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போது, மருந்து அறையில் அழுத அந்த இரவும் ஜிப்பை இழுத்த பகல்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன.

புத்தகோசரின் முறையில் உபேக்கை நான்காவதாக, மற்ற மூன்றின் மேல் ஏறி நின்றுதான் வாய்க்கிறது. இந்த முகாமில் வரிசை தலைகீழ். மூச்சும் உடலுணர்வின் மீதான சமநிலையும் ஒன்பது நாட்கள். மைத்ரி பத்தாம் நாள் காலையில். இரண்டு உபேக்கைகளும் ஒன்றல்ல, ஒன்று உணர்வுகளை நோக்கியது, மற்றது உயிர்களை நோக்கியது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வெறும் கணக்காகப் பார்த்தால் கருணைக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். மனமும் உடலும் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது மைத்ரி செய்ய வேண்டாம், முதலில் அமைதியடையுங்கள் என்று ஒரு குறிப்பும் தருகிறார்கள். தியான அறையில் அது நியாயம். நோயாளியின் வீட்டில், என் மனம் அடங்கும்வரை கருணையைத் தள்ளிப்போட எனக்கு நேரம் கிடைக்காது. இந்த இடைவெளியைப் பற்றி, நோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்கென்று, முகாமில் ஒரு சொல்லும் இல்லை. பெரிய குறை இதுதான் என்று கருதுகிறேன். பராமரிப்பவர்களுக்கு, பத்து நாட்களின் முடிவில் ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்கிப் பேசினால் எவ்வளவோ பயன்படும்.

மைத்ரி கற்பித்த அந்தக் காலைப் பொழுதைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒன்பது நாட்கள் உழுத நிலத்தில் விழுந்த மழை போல இருந்தது. எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இருக்கட்டும் என்ற வாக்கியத்தை அதற்கு முன்பு ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது தொண்டையில் அடைக்காமல் இறங்கியது. மூன்றாம் நாள் வந்த முகங்கள் மறுபடியும் வந்தன. அழுகை வந்தது, ஆனால் அழுகை என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஆசிரியர் மூன்றாம் நாள் சொன்னது எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்தபின் நடந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். வாய்ப்புற்று கன்னத்தைத் துளைத்துவிட்ட ஒருவருக்கு ஒருநாள்விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தேன். அத்தகைய புண்ணில் வாடை இருக்கும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் ஓரளவு அடங்கும். அவருடைய மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஒருமுறைகூட முந்தானையை மூக்கருகே கொண்டுபோனதில்லை. அன்று கட்டை முடிக்கும் நேரத்தில் கூடத்துக்கு வந்து, "சிஸ்டர், இவருக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று தணிந்த குரலில் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு: டாக்டர் சொல்வார். அந்தப் பதில் வாய்வரை வந்துவிட்டது. அதே நொடியில் நெஞ்சு இறுகுவதும் உள்ளங்கை வியர்ப்பதும் எனக்குத் தெரிந்தன. தெரிந்ததால் பதிலைச் சொல்லாமல் இரண்டு மூச்சு பொறுத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். "உங்களுக்கு என்னக்கா தோணுது?" என்று கேட்டேன். "நாளை எண்ணுறதுக்குக் கேக்கல சிஸ்டர். பொண்ணு வெளியூர்ல இருக்கா, எப்ப வரச்சொல்றதுன்னு தெரியல. அதான்" என்றார். இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்றேன். அன்றிரவே மகள் வந்தாள். தந்தையோடு நான்கு நாட்கள் இருந்தாள். நான் அன்று டாக்டர் சொல்வார் என்று எழுந்து போயிருந்தால் அந்த நான்கு நாட்கள் அவர்களுக்கு இருந்திருக்காது. வண்டியில் ஏறியதும் கண் நிறைந்தது; அடுத்த வீடு வரும்வரை துடைக்காமல் இருந்தேன்.

அந்த இரண்டு மூச்சை முகாம்தான் கொடுத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; 11 ஆண்டு அனுபவத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் உள்ளங்கை வியர்ப்பதை வியர்க்கும்போதே அறிவது எனக்கு அதற்கு முன் கைவந்ததில்லை. காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்கிறார்கள். என்னால் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முடிவதில்லை. அந்த அரை மணியையும் விட்டுவிட்ட வாரங்களில் ஜிப்பின் சத்தம் திரும்பி வருவதைக் கவனித்திருக்கிறேன்.

யார் போகலாம் என்று சக செவிலியர்கள் கேட்கிறார்கள். பல ஆண்டு வேலையில் உள்ளே இறுகிப்போனவர்கள், அல்லது ஒவ்வொரு நோயாளியோடும் தாமும் சாகிறவர்கள், உடல்நிலை அனுமதித்தால் தயங்காமல் போகலாம். அண்மையில் வீட்டில் ஒரு மரணத்தைக் கண்டவர்களும் மனநல சிகிச்சையில் இருப்பவர்களும் இப்போது வேண்டாம். பத்து நாள் மௌனம் சாதாரணப்பட்டதல்ல, மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது. படுக்கையில் இருக்கும் தாயையோ கணவரையோ தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இதற்கு மிகவும் தேவைப்பட்டவர்கள். அவர்களால் பத்து நாள் வீட்டைவிட்டு நகர முடியாது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனாபானத்தை மட்டும் கற்றுத்தரும் சிறிய ஒலிப்பதிவு இலவசமாகக் கிடைக்கிறது. கால் மணி நேரத்துக்கும் குறைவானது. முகாமுக்கு அது ஈடாகாது. ஆனாலும் நான் போகும் வீடுகளில் சிலருக்கு, நோயாளி தூங்கும் நேரத்தில் கேட்கும்படி கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, முகாமில் நான் கவனிக்கத் தவறி, பின்னர் புரிந்துகொண்ட ஒன்று. ஐந்தாம் நாள் அதிட்டானத்தில் நான் முழங்காலோடு போராடியதைப் பெண்கள் பகுதியின் சேவகி ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அடுத்த அமர்வுக்குப் போனபோது என் இடத்தில் கூடுதலாக ஒரு மெத்தை இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நலமா என்று கேட்கவில்லை, நான் நன்றி சொல்லவும் வழியில்லை. சமைப்பது, மணி அடிப்பது, கழிவறை கழுவுவது எல்லாவற்றையும் முன்பு முகாம் முடித்தவர்களே சம்பளமின்றிச் செய்கிறார்கள். மாணவர்களோடு நாளுக்கு மூன்று முறை அவர்களும் அமர்கிறார்கள். இரவு 9 மணிக்கு, நாங்கள் அறைக்குப் போனபின், அவர்கள் மட்டும் ஆசிரியரோடு சேர்ந்து மைத்ரி செய்கிறார்கள். எங்களுக்குப் பத்தாம் நாள் கிடைத்தது அவர்களுக்கு ஒவ்வோர் இரவும் கிடைக்கிறது. அடுத்த ஆண்டுக்கான விடுப்பை இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் இம்முறை சேவை என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சமையல்கூடமானால் நல்லது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.